அப்பச்சி பிரிட்ஜ் ஆடப் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். அப்பச்சிக்கு, அதாவது உங்கள் அப்பாவுக்கு, 71 வயது, வங்கி வேலையில் ஓய்வு பெற்று காரைக்குடி வீட்டில் தனியாக இருக்கிறார், ஆத்தா தவறியதில் இருந்து பேச்சே குறைந்துவிட்டது, நீங்கள் சிங்கப்பூரில், தங்கச்சி சென்னையில். பக்கத்துத் தெருவில் வாரம் இரண்டு நாள் பிரிட்ஜ் ஆடுகிறவர்கள் அவரையும் வரச் சொல்கிறார்கள், அவருக்கும் ஆசை இருக்கிறது, ஆனால் "இந்த வயசில் சீட்டாட்டம் எதற்கு" என்று வீட்டில் ஒரு பேச்சு. இது சூதாட்டத்தில் கொண்டுபோய் விடுமா, இல்லை மூளைக்கு நல்லது என்கிறார்களே அது உண்மையா, மறதி நோய் வராமல் தடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகச் சொல்லுங்கள். தயக்கமே வேண்டாம். நான் கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன், பல வருஷமாக பிரிட்ஜ் ஆடுகிறேன், காரைக்குடியில் ஓய்வு பெற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஆனால் "மூளைக்கு நல்லது" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அவரை அனுப்பாதீர்கள். அது மருந்து மாதிரி ஆகிவிடும், மருந்து சாப்பிடப் பிடிக்காதவர் இதையும் விட்டுவிடுவார். பிரிட்ஜில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நாம் தேவைப்படுகிறோம். நம் கையில் என்ன இருக்கிறது என்று அவர் யோசிக்கிறார், அவர் கையில் என்ன இருக்கிறது என்று நாம் யோசிக்கிறோம். மூளை ஓடுவதும் மனசு தெளிவதும் அந்த ஒன்றில் இருந்துதான் வருகிறது என்பது என் கருத்து.

முதலில் சூது விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம். சீட்டு என்றாலே பெரியவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. மங்காத்தாவிலும் மூணு சீட்டிலும் நகை போன கதை, நிலம் போன கதை எல்லா ஊரிலும் உண்டு. அந்த ஆட்டங்களில் யோசிக்க ஒன்றுமில்லை, சீட்டு விழுந்தால் காசு, விழாவிட்டால் இல்லை, அதனால் காசை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை. பிரிட்ஜ் அப்படியில்லை. உச்ச நீதிமன்றம் 1967-ல், ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணா என்பவருக்கும் நடந்த வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையை நம்பிய ஆட்டம் என்று சொன்னது. அப்போது, ரம்மியில் இருக்கும் அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டு பிரித்துப் போடும்போது இருக்கிற அதிர்ஷ்டம் போன்றதுதான் என்று பிரிட்ஜைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொண்டது, மூணு சீட்டை வெறும் அதிர்ஷ்டம் என்று தனியாக ஒதுக்கியது. போட்டிகளில் அந்த அதிர்ஷ்டத்தையும் எடுத்துவிடுகிறார்கள். ஒரு மேஜையில் ஆடிய அதே சீட்டுகளை, அதே மாதிரி பிரித்து, அடுத்த மேஜைக்கும் அதற்கடுத்த மேஜைக்கும் அனுப்புவார்கள், கடைசியில் உங்கள் கையில் இருந்த அதே 13 சீட்டை வைத்து மற்றவர்கள் எப்படி ஆடினார்கள் என்று ஒப்பிட்டுத்தான் மதிப்பெண். இதற்கு டூப்ளிகேட் என்று பெயர். "எனக்குக் கெட்ட கை வந்தது" என்று யாரும் சொல்ல முடியாது. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் பதக்கப் பட்டியலில் சேர்ந்தது, ஆண்கள் இணையர் பிரிவில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் நமக்குத் தங்கம் வாங்கினார்கள். பர்தனுக்கு அப்போது 60 வயது. வேறு எந்த விளையாட்டில் இந்த வயதுக்காரர் நாட்டுக்குத் தங்கம் வாங்குவார்?

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, அந்த வீட்டு மேஜையில் காசு இருக்கிறதா என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அப்பச்சியிடமே நேராகக் கேளுங்கள், "பாயிண்ட்டுக்கு எவ்வளவு" என்று. "சும்மாதான்" என்றால் சரி. சின்னத் தொகை என்றாலும் நான் வேண்டாம் என்பேன், சின்னது பெரிதாகும் என்ற பயத்தால் மட்டும் இல்லை, காசு வந்துவிட்டால் ஜோடி தப்பு செய்யும்போது கோபம் வருகிற விதமே மாறிவிடும், ஒரு நல்ல பழக்கம் அதில் கெட்டுப்போகும். கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் ரம்மியை இதோடு சேர்த்துப் பேசவே கூடாது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சட்டமே வந்துவிட்டது. தனியாக, ராத்திரியில், முகம் தெரியாதவர்களோடு கட்டைவிரலால் ஆடுவது ஒன்று, பகல் வெளிச்சத்தில் நாலு பேர் முகம் பார்த்து உட்கார்ந்து ஆடுவது ஒன்று.

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்ன ஆட்டம் என்று தெரியாமல் அதன் பலனைப் பேசினால் விளம்பரம் மாதிரி இருக்கும். நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு ஜோடி. 52 சீட்டும் ஆளுக்கு 13. ஒவ்வொருவரும் ஒரு சீட்டு போட, நாலில் பெரிய சீட்டு போட்டவர் அந்தப் பிடியை எடுத்துக்கொள்வார், ஆக மொத்தம் 13 பிடி. சீட்டு போடுவதற்கு முன்னால் ஏலம் நடக்கும். எங்கள் ஜோடி இத்தனை பிடி எடுக்கும், இந்த வகைதான் துருப்பு (மற்ற வகைகளை வெட்டும் வகை) என்று மாறி மாறிக் கேட்பார்கள், ஒன்று என்று கேட்டால் 7 பிடி எடுக்கிறோம் என்று கணக்கு, ஏழு என்று கேட்டால் 13-உம். ஏலம் எடுத்தவரின் ஜோடி, முதல் சீட்டு விழுந்ததும், தன் 13 சீட்டையும் மேஜையில் விரித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவார். அவருக்கு டம்மி என்று பெயர். ஆட்டம் இவ்வளவுதான், இதற்குள் ஆழம் எவ்வளவு என்றால், ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுகளின் சேர்க்கை மட்டும் 63,501 கோடிக்கு மேல். பார்த்த கையையே மறுபடி பார்ப்பது என்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

நினைவாற்றல் நினைவாற்றல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 52 சீட்டையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்று பயந்து நிறையப் பேர் கிட்டவே வருவதில்லை. உண்மையில் அப்படி யாரும் ஆடுவதில்லை. எண்ணுவதுதான் வேலை. ஒவ்வொரு வகையிலும் 13 சீட்டு, என்னிடம் 4, விரித்து வைத்த கையில் 3, ஆக வெளியே 6, இரண்டு சுற்று ஆடியதும் ஒருவர் அந்த வகை கையில் இல்லாமல் வேறு வகையைப் போட்டுவிட்டார் என்றால் மீதி யாரிடம் என்று தெரிந்துவிடும். வங்கியில் நாள் முடியும்போது வரவு செலவு நேர் பார்த்தவருக்கு இது கைவந்த கலை, உங்கள் அப்பச்சிக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்காது.

அதற்கு மேலே ஒரு படி இருக்கிறது, எனக்கு அதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். நடந்ததில் இருந்து மட்டும் இல்லை, நடக்காததில் இருந்தும் யோசிப்பது. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1 என்று புள்ளி வைத்திருக்கிறார்கள், கட்டு முழுக்க 40 புள்ளி. கையில் 12, 13 புள்ளி இருந்தால் வழக்கமாக ஏலத்தைத் தொடங்குவார்கள். முதலில் பேசும் முறை தன்னுடையதாக இருந்தும் "பாஸ்" என்று சொன்ன ஒருவர், ஆட்டத்தில் ஸ்பேடு ஏஸ், ஸ்பேடு ராஜா, டைமண்ட் ராணி, டைமண்ட் ஜாக் நாலையும் போட்டுவிட்டார் என்று வையுங்கள். 4, 3, 2, 1, மொத்தம் 10. இப்போது ஹார்ட் ராஜா யாரிடம் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவரிடமே இருந்தால் 13 ஆகிவிடும், 13 வைத்துக்கொண்டு அவர் பாஸ் சொல்லியிருக்க மாட்டார். ஆக மற்றவரிடம்தான். அந்த ராஜாவைப் பார்க்காமலே, சற்று முன்னால் அவர் பாஸ் சொன்னதை நினைவில் வைத்து இதைக் கண்டுபிடித்தாகிவிட்டது. எழுபது வயதில் முதல் தடவையாக இது பிடிபடும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்ப்பதற்காகவே நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. எதிர்ப்பக்கம் இருவரிடமும் சேர்த்து 4 துருப்பு இருக்கிறது என்றால் ஆளுக்கு இரண்டு இருக்கும் என்றுதான் மனசு சொல்லும். கணக்கு அப்படி இல்லை. இரண்டு இரண்டாகப் பிரிந்திருக்க 40 சதவீதம்தான் வாய்ப்பு, மூன்றும் ஒன்றுமாகப் பிரிந்திருக்க ஏறக்குறைய 50, மிச்சம் நாலும் ஒருவரிடமே. நிச்சயம் தெரியாத இடத்தில் பதறாமல், எது அதிகம் நடக்கும் என்று பார்த்து ஒரு முடிவெடுத்து, அது தவறிப்போனாலும் முடிவு சரியானதுதான் என்று அமைதியாக இருப்பது ஒரு பழக்கம். சதுரங்கத்தில் எல்லாக் காயும் கண்ணுக்கு எதிரே இருக்கும். பிரிட்ஜில் பாதி எப்போதும் மறைந்தே இருக்கும். வாழ்க்கையில் நாம் எடுக்கிற முடிவுகள் எல்லாம் இந்த இரண்டாவது வகைதான், அதனால் சுடோகுவைவிடவும் குறுக்கெழுத்தைவிடவும் எனக்கு இது ஒரு படி மேல்.

மறதி நோய் பற்றிக் கேட்டீர்கள். இதில் நேர்மையாகப் பேச வேண்டும், ஏனென்றால் "பிரிட்ஜ் ஆடினால் டிமென்ஷியா வராது" என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரை ஐந்து வருஷத்துக்கும் மேல் கவனித்த ஓர் ஆய்வு 2003-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. வாசிப்பது, பலகை ஆட்டமோ சீட்டோ ஆடுவது, இசைக்கருவி வாசிப்பது, நடனம் ஆடுவது, இவற்றை அடிக்கடி செய்தவர்களுக்கு டிமென்ஷியா குறைவாக வந்தது என்று அதில் இருக்கிறது. ஆனால் ஆடியதால் வரவில்லையா, அல்லது நோய் உள்ளுக்குள் ஆரம்பித்தவர்கள் முன்பே ஆட்டத்தை விட்டுவிட்டார்களா என்று இந்த மாதிரி ஆய்வால் முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது, ஆய்வு செய்தவர்களே இதைச் சொல்கிறார்கள். அதோடு, பிரிட்ஜ் நிறைய ஆடினால் பிரிட்ஜ் நன்றாக வரும், அவ்வளவுதான், மாத்திரை போட்டோமா இல்லையா என்பது அதனால் நினைவில் நிற்காது.

அப்படியென்றால் என்ன பலன்? 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட அறிக்கையில், டிமென்ஷியாவுக்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் என்று 14 சொல்லி, அவற்றைச் சரிசெய்தால் உலகில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்று கணித்திருக்கிறார்கள். அந்தப் பதினாலில் இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, மனச்சோர்வு எல்லாம் இருக்கிறது, தனிமைப்பட்டுப் போவதும் இருக்கிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு சீட்டை நம்ப வேண்டாம், ஆனால் தனிமை என்ற காரணத்துக்கு மாத்திரை கிடையாது, அதற்கு ஆட்கள்தான் வேண்டும்.

ஒரு விஷயம் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. தனியாக இருப்பவருக்கு மறதி ஆரம்பித்தால் முதலில் யார் கவனிப்பார்கள்? போனில் பேசும் பிள்ளைகளுக்குத் தெரியாது, பத்து நிமிஷப் பேச்சை எப்படியும் சமாளித்துவிடலாம். வாரா வாரம் மேஜையில் எதிரே உட்காருகிறவருக்குத் தெரிந்துவிடும். வருஷக்கணக்காக நன்றாக ஆடியவர் எது துருப்பு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார், முன்பு தானாகச் செய்த எண்ணிக்கையில் தடுமாறுகிறார் என்றால் ஜோடிக்குத்தான் முதலில் உறுத்தும். அந்த மேஜையில் இருப்பவர் ஒருவரிடம் உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்கள்.

இப்போது நம் ஊரைப் பற்றிப் பேச வேண்டும். கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ தேவகோட்டையோ, எங்கே போனாலும் நிலைமை ஒன்றுதான். முகப்பு, வளவு (நடு முற்றம்), பட்டாலை (கூடம்), இரண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடுகள், ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிடக் கட்டியவை. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் நிறையும், மற்ற நாளில் ஒருவரோ இருவரோ. அப்பச்சியின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் கோயில், பேப்பர், வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் இரண்டு வார்த்தை, மத்தியானம் படுக்கை, சாயங்காலம் டிவி, ராத்திரி உங்கள் வீடியோ கால். அந்தக் காலில் நீங்கள் கேட்பது என்ன? சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, கதவைப் பூட்டினீர்களா. பாசத்தில் கேட்கிறீர்கள், தப்பே இல்லை. ஆனால் நாற்பது வருஷம் ஒரு வங்கிக் கிளையே தன்னை நம்பி நடக்கப் பார்த்த மனுஷர், இப்போது எல்லோரும் கவலைப்படுகிற ஆளாக மட்டும் ஆகிவிட்டார். யாருக்கும் அவர் தேவைப்படவில்லை என்று அவருக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

பிரிட்ஜுக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர் வந்தால் ஆட்டம் இல்லை. வாக்கிங்குக்கு நீங்கள் போகாவிட்டால் மற்றவர்கள் நடந்துவிடுவார்கள், கோயிலுக்குப் போகாவிட்டால் பூஜை நின்றுவிடாது, ஆனால் பிரிட்ஜுக்குப் போகாவிட்டால் மூன்று பேர் காத்திருப்பார்கள், போன் செய்வார்கள், போனை எடுக்காவிட்டால் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுவார்கள். "இன்றைக்கு மேலுக்கு முடியவில்லை" என்று படுத்திருக்க நினைக்கிறவரை எழுப்பிச் சட்டை மாட்ட வைப்பது இந்த ஒன்றுதான். தனியாக இருக்கிறவருக்கு இதுவே ஒரு பாதுகாப்பு.

துக்கத்துக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. ஆத்தா போன பிறகு விசாரிக்க வந்தவர்களிடம் அப்பச்சி என்ன பேசியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? நம் ஆண்கள் பலருக்கு எதிரே ஆளை உட்காரவைத்து மனசைத் திறக்கத் தெரியாது. கைக்கு ஒரு வேலை இருந்தால் பேச்சு வரும். சீட்டு கலைக்கும்போது, ஒரு ஆட்டம் முடிந்து அடுத்ததுக்குப் பிரிக்கும்போது, "அவ இருந்தா இந்நேரம் காப்பி வந்திருக்கும்" என்று ஒரு வார்த்தை வரும், எதிரே இருப்பவர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டுவார், அடுத்த சீட்டு விழும். அது போதும். நிறையத் தடவை பார்த்திருக்கிறேன்.

ஜோடி சேர்ந்து ஆடுவது நமக்குப் புதிதும் இல்லை. சொக்கட்டான் துணியை விரித்து இரண்டு கட்சியாக உட்கார்ந்து ஆடியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். ஆனால் பிரிட்ஜில் ஜோடி என்பது இன்னும் நெருக்கமான விஷயம். ஜோடியிடம் உங்கள் கையைப் பற்றிச் சொல்ல ஏலத்தில் கேட்கும் அந்தச் சில வார்த்தைகள்தான் வழி, கண் ஜாடை, இருமல், முகக்குறி எதுவும் கூடாது, வெறும் ஒழுக்கமாக அல்ல, ஆட்டத்தின் சட்டமாகவே. இன்னும் ஒன்று, நீங்களும் ஜோடியும் "இப்படிக் கேட்டால் இது அர்த்தம்" என்று பேசி வைத்திருந்தால் எதிர்ப்பக்கம் கேட்கும்போது அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ரகசியக் குறியீடே கிடையாது. அப்புறம் அந்த டம்மி. தன் கையை விரித்து வைத்துவிட்டு, ஜோடி தப்பாகவே ஆடினாலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது, மேலதிகாரியாக இருந்து பழகியவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று நினைக்கிறீர்கள்! கொஞ்ச நாளில் பழகிவிடுகிறது, வீட்டிலும் அது தெரிகிறது என்று அவர்கள் வீட்டு ஆச்சிமாரே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஆச்சிமார் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முகப்பில் ஆண்கள் சீட்டு, உள்ளே பெண்கள் பல்லாங்குழியும் தாயமும் என்று பிரித்து வைத்திருந்தது போதும். பல்லாங்குழியில் முத்தை எண்ணாமலே கண்ணால் கணக்குப் போடுகிற பெண்களுக்கு பிரிட்ஜ் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பார்த்து அசந்திருக்கிறேன். கணவரை இழந்து, இவ்வளவு பெரிய வீட்டில் சீரியலே துணையாக இருக்கும் ஆச்சிகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் அப்பச்சி ஆடும் மேஜையில் ஆண்கள் மட்டும்தான் என்றால், ஒருவராவது தன் வீட்டு ஆச்சியை அழைத்து வரச் சொல்லுங்கள். எட்டுப் பேர் சேர்ந்தால் இரண்டு மேஜை, இரண்டு மேஜை இருந்தால் நான் முன்னால் சொன்ன டூப்ளிகேட்டே ஆடலாம்.

எல்லாமே நல்லது என்று சொல்லமாட்டேன். ஜோடியைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் "நீ ஏன் அந்த ராஜாவைப் போட்டே" என்று எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொள்வார்கள், புதிதாக வந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார். நல்ல மேஜையில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, ஆட்ட நேரத்தில் விமர்சனம் இல்லை, முடிந்த பிறகு கேட்டால் மட்டும் பேசுவது. அப்பச்சி முதல் இரண்டு மூன்று தடவை போய்விட்டு வந்ததும் "யார் ஜெயித்தது" என்று கேட்காதீர்கள், "ஜோடி யார், எப்படிப் பேசுகிறார்" என்று கேளுங்கள். திட்டுகிற ஜோடி என்றால் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று, நாலு மணி நேரம் அசையாமல் உட்காருவது கால் வீக்கத்துக்கும் முதுகுக்கும் நல்லதில்லை. டம்மியாக இருக்கும்போது எழுந்து வளவைச் சுற்றி ஒரு நடை நடந்து வரலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கற்றுக்கொள்ள முடியுமா என்ற பயம் அவருக்கு இருக்கும். ரம்மி தெரியாத ஆள் நம் பக்கம் குறைவு, ஆனால் பிரிட்ஜுக்கு ரம்மியைவிட '28' என்ற சீட்டாட்டம்தான் நெருக்கம். அதிலும் நாலு பேர், இரண்டு ஜோடி, ஏலம், துருப்பு. ஜாக் 3, ஒன்பது 2, ஏஸும் பத்தும் ஒவ்வொன்று என்று அந்தப் புள்ளிக்கணக்கு தெரிந்தவராக இருந்தால் பாதி வந்த மாதிரி. எதுவும் தெரியாவிட்டாலும் ஏலத்தில் ஆரம்பிக்கக் கூடாது, அங்கேதான் நிறையப் பேர் மிரண்டு ஓடுகிறார்கள். நான் மினி பிரிட்ஜில் ஆரம்பிக்கிறேன். ஏலம் கிடையாது, ஆளாளுக்குத் தன் கையில் எத்தனை புள்ளி என்று சத்தமாகச் சொல்வார்கள், அதிகப் புள்ளி உள்ள ஜோடியில் அதிகம் வைத்திருப்பவர், எதிரே இருப்பவரின் கையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, எது துருப்பு, எத்தனை பிடி என்று முடிவு செய்து ஆடுவார். ஒரு மத்தியானத்தில் ஆடத் தொடங்கிவிடலாம். ஏலம் மெதுவாக வரட்டும், அது மாதக்கணக்கில் வளர்கிற விஷயம், அதில் அவசரம் வேண்டாம்.

அங்கே இடம் எப்படி என்று தெரியவில்லை, ஆனால் உங்கள் வீட்டிலேயே ஒரு நாள் வைக்கச் சொல்லலாமே. பட்டாலையில் சாயங்காலம் வெளிச்சம் போதாது. வளவுக்குப் பக்கத்தில் வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு சதுர மேஜை, கை வைத்த நாலு நாற்காலி, தரையில் உட்காரச் சொல்லாதீர்கள், முழங்கால் கேட்காது. மூன்று மணிக்கு ஆரம்பித்தால் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடலாம். வெள்ளைப் பணியாரமும் சீடையும் ஆட்டம் முடிந்த பிறகு. எண்ணெய் விரல் பட்டால் சீட்டு ஒன்றோடொன்று ஒட்டும், குறியும் விழும்.

காது மந்தம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், ஆனால் காதை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், முன்னால் சொன்ன பதினாலில் அதுவும் ஒன்று. மேஜைக்கு பிடிங் பாக்ஸ் என்று ஒன்று கிடைக்கும். ஏலத்தில் கேட்க வேண்டியது எல்லாம் அட்டைகளாக ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும், வாயால் சொல்லாமல் அட்டையை எடுத்து முன்னால் வைத்தால் போதும். போட்டிகளில் எல்லாம் இதுதான் நடைமுறை, அதனால் காது கேட்காதவருக்கென்று தனிச் சலுகை செய்த மாதிரி இருக்காது. பெரிய எழுத்து அச்சிட்ட சீட்டுக்கட்டும், கை நடுங்குகிறவர்களுக்குச் சீட்டைச் செருகி வைக்க ஒரு தாங்கியும் கிடைக்கின்றன. சிங்கப்பூரில் சுலபமாக வாங்கலாம், அடுத்த தடவை வரும்போது நாலு பிடிங் பாக்ஸும் இரண்டு கட்டும் கொண்டு வாருங்கள்.

கடைசியாக உங்களுக்கு. நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் என்ற தளத்தில் பணம் கட்டாமலே நாலு பேர் மேஜை போட்டு ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அப்பச்சியும் ஒரு ஜோடி, தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஒரு ஜோடி என்று உட்காருங்கள், இன்னொரு போனில் பேச்சும் ஓடட்டும். சாப்பிட்டீர்களா என்று அன்றைக்கும் கேளுங்கள், ஆனால் அதற்கு முன்னால், "அப்பச்சி, நான் மூணு ஹார்ட் கேட்டப்ப நீங்க ஏன் நாலுக்குப் போகலை" என்று கேளுங்கள். அவர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று எனக்கு எழுதுங்கள்.